பழைய கார் இன்ஜின் சூடேறுகிறதா? காரணத்தை வரிசையாகத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனதும் பெரும்பாலானவர்கள் முதலில் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் திறந்து, கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வை) மாற்றுகிறார்கள். சூடு நிற்கவில்லை என்றால் வாட்டர் பம்ப், அப்புறம் ரேடியேட்டர், கடைசியில் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல் பாகத்தை, கழற்றலாமா என்ற பேச்சு. என் முதல் பழைய காரில் நானும் இந்த வழியில்தான் போனேன். தெர்மோஸ்டாட், பம்ப் இரண்டையும் புதிதாகப் போட்ட பிறகும் வேகமாக ஓட்டினால் முள் ஏறிக்கொண்டே இருந்தது. காரணம் அந்த இரண்டிலும் இல்லை, அதற்கு 12-ஆம் பகுதியில் வருகிறேன்.

அதற்குப் பிறகு புதிதாகக் கை வைக்கிற பலருக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததில், எல்லோரும் தடுக்குவது ஒரே இடத்தில். எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று யோசிக்கிறார்கள், எப்போது சூடேறுகிறது என்று பார்ப்பதில்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். எதையும் கழற்றாமல் தெரிந்துகொள்ளக்கூடியவை முதலில், கழற்ற வேண்டியவை பிறகு.

1. கையில் இருக்க வேண்டியவை

தடிமனான கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல டார்ச், பழைய துணி, கூலன்ட் பிடிக்க அகலமான தட்டு, ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர் செட். இதோடு இரண்டு கருவிகள். ஒன்று, தூரத்தில் இருந்தே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். இன்னொன்று, கூலிங் சிஸ்டத்துக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் பிரஷர் டெஸ்டர். இரண்டாவதைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு இரவல் கிடைத்தால் போதும்.

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்காகத் திறந்து மூடும்போது கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதில் உள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து, நீங்கள் தேடும் கோளாறையே நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். இதைத்தான் யாரும் எடுத்து வருவதில்லை.

2. முள் ஏறும் நேரத்தில் சாலையிலேயே செய்ய வேண்டியது

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஃபேனையும் முழு வேகத்தில் போடுங்கள். ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுத்துவிடும். அந்த நேரத்தில் வருவது சூடான காற்றா, குளிர்ந்த காற்றா என்று கவனியுங்கள். முள் சிவப்பில் இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் குறைந்து போயிருக்கிறது அல்லது சுற்றவில்லை என்று அர்த்தம். இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பாதி வேலை மிச்சமாகும்.

முள் இறங்கவில்லை என்றாலோ, நீராவி தெரிந்தாலோ ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று போனால் ஹோஸ் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை ஹெட்டைக் கழற்றுவதில் போய் நிற்கும்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. துணி போட்டு மெதுவாகத் திறந்தாலும் கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் போயும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடி தளர்ந்ததும் அழுத்தம் போய்விடும், அந்த நொடியே அது கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஒரு மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸைத் தொட முடிகிற அளவுக்கு ஆறி, அமுக்கினால் மெத்தென்று உள்ளே போக வேண்டும். கெட்டியாக இருந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது.

கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் அதே அளவு தப்பு. ஒரு பக்கம் திடீரென்று சுருங்கி, மறுபக்கம் விரிந்தபடியே இருந்தால் ஹெட் கோணிவிடும் அல்லது விரிசல் விடும்.

3. எப்போது சூடேறுகிறது என்று எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சிக்னலில், நெரிசலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் இறங்குகிறதா? அப்படியானால் காற்று போதவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. சந்தேகம் ஃபேன், அதன் ரிலே, சென்சார், ஃபேன் கூண்டு என்று சுருங்கிவிடுகிறது.

நெரிசலில் ஒன்றுமில்லை, வேகமாகவோ மேட்டிலோ போகும்போதுதான் ஏறுகிறது என்றால் விஷயம் தலைகீழ். காற்று தாராளமாக இருக்கிறது, கூலன்ட்தான் போதுமான அளவு சுற்றவில்லை. ரேடியேட்டருக்குள் அடைப்பு, பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், உறிஞ்சும்போது சப்பையாகும் கீழ் ஹோஸ் எல்லாம் இந்த வகை.

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிச் சில நிமிடங்களிலேயே சிவப்புக்குப் போனால், மூடியே கிடக்கும் தெர்மோஸ்டாட், ஏறக்குறைய காலியான ரேடியேட்டர், அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு). முள் ஏறுவதும் திடீரென்று இறங்குவதுமாக ஆடினால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சென்சார் மேல் ஒரு நேரம் கூலன்டும் ஒரு நேரம் காற்றும் படுவதால் அந்த ஆட்டம்.

ஏசி போட்டால் மட்டும் ஏறுகிறது என்றால் சிஸ்டம் ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறது. ஏசி கண்டென்ஸர் தன் சூட்டை ரேடியேட்டருக்கு முன்னால் கொட்டுகிறது, அந்தக் கூடுதல் பாரத்தைத் தாங்க முடியவில்லை. ஏசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு மூன்று நாள் கவனித்து எழுதுங்கள்: வேகம், ஏசி ஓடியதா, கிளப்பி எத்தனை நிமிடம், ஹீட்டரில் என்ன காற்று வந்தது. முள் நடுவைத் தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும், சோதனைக்காக இன்ஜினைக் கொதிக்க விட வேண்டாம்.

4. முள் சொல்வது உண்மையா?

பழைய வண்டிகளில் சென்சாரும் மீட்டரும் பொய் சொல்வது சாதாரணம். நீராவி இல்லை, வாடை இல்லை, கூலன்ட் குறையவில்லை, முள் மட்டும் சிவப்பில் நிற்கிறது என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். 85 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பெரும்பாலான இன்ஜின்களுக்கு அது சகஜம். அங்கே 90 காட்டும்போது முள் சிவப்பில் இருந்தால் கோளாறு சென்சாரிலோ, அதன் ஒயரிலோ, எர்த்திலோ இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கூலன்ட் அடியோடு போய்விட்டால் சென்சார் காற்றில் தொங்கும், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது முள் கீழே கிடக்கும். முள் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக ஓட்டி இன்ஜினை இறுக வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

5. ஆறிய இன்ஜினில் கூலன்ட் மட்டம்

காலையில், வண்டியைக் கிளப்பும் முன், சமதரையில் பாருங்கள். ரிசர்வ் டப்பாவை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். ரேடியேட்டரின் மேலேயே மூடி இருக்கும் வண்டியானால் அதைத் திறந்து, கழுத்து வரை கூலன்ட் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் காரில் ரிசர்வ் டப்பா கோடு வரை நிறைந்திருந்தது. கூலன்ட் இருக்கிறதே என்று அவர் இரண்டு வாரம் மற்றதையெல்லாம் தேடினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது உள்ளே குழாய்களின் நுனி காய்ந்து தெரிந்தது. ஊற்ற ஊற்ற 2 லிட்டருக்கு மேல் குடித்தது. சூடானபோது டப்பாவுக்குப் போன கூலன்ட் ஆறும்போது திரும்பி வரவே இல்லை. காரணம் மூடி, அதுதான் அடுத்த பகுதி.

மட்டத்தோடு நிறத்தையும் பாருங்கள். துருப்பிடித்த பழுப்பு என்றால் உள்ளே அரிப்பு, அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் 8-ஆம் பகுதிக்கு நேராகப் போங்கள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தால் யாரோ குறையக் குறையத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள்.

பெரும்பாலான கூலன்ட் எத்திலீன் கிளைகாலால் ஆனது, விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். சிந்தியதை உடனே துடையுங்கள், பழையதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

6. மூடி

அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும், 1 பார் அழுத்தம் தாங்கும் மூடிக்குள் அதுவே 130 டிகிரியை நெருங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்தக் கூடுதல் இருபது சொச்சம் டிகிரி பறிபோகிறது. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும்.

ரப்பர் வளையத்தில் வெடிப்பு, பள்ளம், கெட்டித்தன்மை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் உள்ள சின்ன வால்வை நகத்தால் இழுத்து விட்டால் சட்டென்று திரும்பி உட்கார வேண்டும். இன்ஜின் ஆறும்போது கூலன்ட் டப்பாவிலிருந்து ரேடியேட்டருக்குத் திரும்பி வருவது அந்த வால்வு வழியாகத்தான். அது இறுகிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ் சப்பையாகிவிடும். காலையில் மேல் ஹோஸ் ஒட்டிப்போய்க் கிடந்தால் மூடியைச் சந்தேகிக்கலாம்.

சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். சோதிக்காமல் மாற்றலாம் என்று நான் சொல்லும் ஒரே பாகம் இதுதான். ஆனால் பழைய மூடியில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் நல்லதுதானே என்று போடுகிறவர்கள், பழைய ரேடியேட்டரின் பலவீனமான இணைப்பைப் பிளந்துவிடுகிறார்கள்.

7. கசிவு

மட்டம் குறைந்தால் அது எங்கோ போயிருக்கிறது. கூலன்ட் தானாகத் தீராது.

ஆறிய இன்ஜினில் மூடியைக் கழற்றி, பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். 15 நிமிடம் விடுங்கள். டெஸ்டரின் முள் அசையாமல் நின்றால் குளிர்ந்த நிலையில் கசிவு இல்லை. இறங்கினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஹோஸ் கிளாம்ப் ஓரம், ரேடியேட்டரின் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேரும் கோடு, பம்பின் அடியில் உள்ள சின்னத் துளை, இன்ஜின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகள், எல்லாவற்றையும் பாருங்கள். சொட்டாகத் தெரியாவிட்டாலும் காய்ந்த வெள்ளையோ பச்சையோ பொருக்கு கட்டியிருந்தால் அங்கே சூடானபோது கசிகிறது.

டெஸ்டர் கிடைக்கவில்லையா? இரவு முழுக்க அடியில் பெரிய அட்டையை விரித்து வையுங்கள். மெதுவான கசிவு அதிலேயே தெரிந்துவிடும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் காருக்குள் பாருங்கள். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பு நனைந்திருப்பது, ஹீட்டர் போட்டால் இனிப்பு வாடை, முன் கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பான பனிப்படலம், இவை ஹீட்டருக்குள் கசிகிறது என்பதற்கு அடையாளம்.

கசிவை அடைக்கும் பொடியை ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். அது ஓட்டைக்கு மட்டும் போகாது, ஹீட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் உட்காரும்.

8. எதையும் கழற்றும் முன் ஹெட் கேஸ்கெட்

பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள், பயம்தான் காரணம். நான் இங்கேயே வைக்கிறேன். ஏனென்றால் சோதிக்க எதையும் கழற்ற வேண்டாம். தவிர, கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுந்து காற்றடைப்பு, மட்டக் குறைவு, மூடி வழியே தள்ளுவது என்று மற்ற எல்லாக் கோளாறின் வேஷத்தையும் போடும். இது காரணம் இல்லை என்று உறுதி செய்யாமல் தெர்மோஸ்டாட்டில் இறங்கினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கூலன்ட் இன்னும் சூடாகவே இல்லை, அதற்குள் ஹோஸ் கல் மாதிரி ஆகிறதென்றால் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்து வருகிறது.

அடுத்து, முழுதும் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பி, கழுத்தில் பாருங்கள். ஆரம்பத்தில் சில குமிழ்கள் வந்து நின்றுவிட்டால் அது அடைத்திருந்த காற்று. ஒரே சீராக, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதிகமாகி, நிற்காமல் வந்தால் வாயு. முகத்தைத் தள்ளியே வையுங்கள், கூலன்ட் சூடேறத் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள்.

உறுதி செய்ய ஒரு ரசாயன சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் கழுத்திலிருந்து வரும் ஆவியை நீல நிறத் திரவம் வழியாக இழுப்பார்கள். பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். கூலன்டையே உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முடிவு தப்பாக வரும்.

புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு நிற்காமல் வரும் வெள்ளைப் புகை, ஆயில் அளவுக்குச்சியில் பால் கலந்த மாதிரி நிறம், இவையும் அடையாளங்கள்தான். ஆனால் ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வேர்த்த ஈரம் அங்கே அப்படிச் சேரும்.

சோதனை உறுதியானால் இங்கேயே நிறுத்திவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். ஹெட்டைக் கழற்றினால் அது கோணியிருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் புதிய கேஸ்கெட் போட விடாதீர்கள்.

9. காற்று: ஃபேனும் ரேடியேட்டரின் வெளிப்புறமும்

நின்றால் சூடேறும் வண்டிக்கு இதுதான் முக்கியமான பகுதி. மின்சார ஃபேன் இன்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுழலலாம். கையை உள்ளே விடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

ஏசியைப் போட்டதும் ஃபேன் ஓடுகிறதா? பெரும்பாலான வண்டிகளில் ஓட வேண்டும். ஓடினால் மோட்டார் நல்லது, கூலன்ட் சூட்டைப் பார்த்து அதை ஓட வைக்கும் சுவிட்சோ சென்சாரோதான் சந்தேகம். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம். நேரடியாகக் கொடுத்தும் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. சுழலுகிறது, ஆனால் சோம்பலாக, கூச்சலோடு என்றால் அதுவும் போகும் வழியில்தான் இருக்கிறது.

ரேடியேட்டரில் திருகியிருக்கும் இரண்டு ஒயர் சுவிட்ச் என்றால், அதன் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் சின்ன ஒயரால் இணைத்து சாவியைத் திருப்புங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் குற்றவாளி. கம்ப்யூட்டரோடு பேசும் சென்சாரில் இப்படிச் செய்யக் கூடாது, அங்கே சுவிட்ச் இல்லை.

ஃபேன் ஓடுவதால் மட்டும் முடிந்துவிடாது, எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது என்றும் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் வண்டியில் முன்பக்கம் ஒரு தாளைக் காட்டினால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிப் போட்டுவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் ஊதும், ஓடும் வண்டியின் எதிர்க்காற்றோடு சண்டை போடும்.

பெல்ட்டில் ஓடும் பழைய ஃபேன்களில் நடுவில், சூடேறியதும் ஃபேனை இறுக்கிப் பிடித்துச் சுழற்றும் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, நன்கு சூடான நிலையில் ஃபேனைக் கையால் தள்ளுங்கள். பிடித்து இழுப்பது போன்ற எதிர்ப்பு இருக்க வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினாலோ, கிளட்ச் மேல் எண்ணெய் வழிந்த தடம் இருந்தாலோ அது தீர்ந்துவிட்டது.

அப்புறம் பலரும் பார்க்காமல் விடும் இடம்: ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள ஒல்லியான இடைவெளி. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்ஸர் சுத்தமாகத் தெரியும், அதன் பின்னால் இலை, பூச்சி, பஞ்சு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெல்லிய தண்ணீர் வேகத்தில் கழுவுங்கள். அதிக அழுத்தத்தில் அடித்தால் அலுமினிய இதழ்கள் மடிந்து வழியையே அடைத்துவிடும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டு உடைந்தோ காணாமலோ இருந்தால் அதையும் போடுங்கள், அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றியிருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும்.

10. தெர்மோஸ்டாட்

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, மேல் ஹோஸின் சூட்டை நிமிடத்துக்கு ஒரு தரம் அளந்து எழுதுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் கொஞ்ச நேரம் இளஞ்சூட்டிலேயே இருந்துவிட்டு, இன்ஜின் 82 அல்லது 88 டிகிரி வாக்கில் வந்ததும் சட்டென்று சூடேறும். முள் மேலே போய்க்கொண்டே இருக்க ஹோஸ் மட்டும் சூடாகவில்லை என்றால் திறக்கவில்லை. கிளப்பியதிலிருந்தே ஹோஸும் இன்ஜினும் சேர்ந்தே மெல்ல மெல்லச் சூடாகிறது என்றால் அது திறந்தே கிடக்கிறது, அப்போது உங்கள் கோளாறு வேறெங்கோ. மேல் ஹோஸ் பக்கம் தெர்மோஸ்டாட் இருக்கும் இன்ஜின்களுக்குத்தான் இந்தக் கணக்கு. சில இன்ஜின்களில் அது கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழ் ஹோஸை அளக்க வேண்டும்.

கழற்றியதைச் சோதிக்க ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி, 10 முதல் 15 டிகிரி தாண்டும்போது முழுதும் திறந்திருக்க வேண்டும். நன்றாகத் திறக்காமல் நூலிழை இடைவெளியோடு நின்றுவிடுவதும் கோளாறுதான். நெரிசலில் சமாளிக்கும், வேகத்தில் கைவிடும் வகை அது.

புதியதைப் போடும்போது ஸ்பிரிங்கும் மெழுகு அடைத்த குமிழும் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சூட்டை உணர வேண்டிய பகுதி குளிர்ந்த பக்கம் நிற்கும், திறக்காது. சின்னக் காற்றுத்துளை இருந்தால் அது மேல்பக்கம்.

தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டலாம் என்று ஒரு யோசனை எல்லா இடத்திலும் உண்டு. அதைக் கேட்காதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் குறுக்கு வழி மூடும். அது இல்லையென்றால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, சூடு இன்னும் ஏறும். மற்றவற்றில் இன்ஜின் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராது, பெட்ரோலும் குடிக்கும், தேயவும் செய்யும்.

11. ரேடியேட்டருக்குள் அடைப்பு

இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கட்டம் கட்டமாக நகர்த்துங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருக்கும் இடங்களில் கூலன்ட் ஓடவில்லை, அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. கண்டென்ஸர் மறைத்தால் பின்பக்கமிருந்து அளக்க வேண்டும்.

லேசான படிவு என்றால் கூலன்டை இறக்கிவிட்டு, ஹோஸைக் கழற்றி, கீழிருந்து மேலாக எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவலாம். மூடியைத் திறந்தால் குழாய் வாய்களில் வெள்ளைப் பொருக்கு கெட்டியாகத் தெரிகிறது என்றால் கழுவி நேரத்தை வீணாக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

12. பெல்ட், பம்ப், கீழ் ஹோஸ்

பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி போல மினுமினுக்கிறதா, விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நிறைய உள்ளே போகிறதா என்று பாருங்கள். வழுக்கும் பெல்ட் பம்பைச் சரியாகச் சுழற்றாது. பம்பின் கப்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்பு என்றால் வெளியிலிருந்து தெரியாது, அடியில் உள்ள துளையின் ஈரமே சாட்சி.

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் பம்பு உள்ளே வேலை செய்யாமல் இருக்கலாம். இதழ்கள் துருவில் கரைந்திருக்கும், பிளாஸ்டிக் இதழ் என்றால் தண்டின் மேல் சும்மா வழுக்கும். தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது, ரேடியேட்டரில் அடைப்பில்லை, காற்றடைப்பும் இல்லை, இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் பம்பைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

இனி என் முதல் காரின் கதை. இரண்டு பாகங்களையும் மாற்றிய பிறகும் வேகத்தில் சூடேறியதால், ஒருநாள் பானெட்டைத் திறந்து வைத்து, நண்பரை உட்காரச் சொல்லி, ஆக்சிலரேட்டரை 3000 ஆர்பிஎம் வாக்கில் பிடிக்கச் சொன்னேன். ஐடிலிங்கில் உருண்டையாக இருந்த கீழ் ஹோஸ், வேகம் ஏற ஏற, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்கமும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. உறிஞ்சுகுழாயின் நுனியை விரலால் மூடிவிட்டு உறிஞ்சினால் எப்படி ஒட்டுமோ அப்படி. ஆக்சிலரேட்டரை விட்டதும் 'பொளக்' என்று திரும்பி உருண்டையானது. நின்ற வண்டியில் கையால் அமுக்கிப் பார்த்த எத்தனையோ தரம் அது நன்றாகத்தான் இருந்தது. கழற்றினால் உள்ளே தாங்கிப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துத் துண்டு துண்டாகக் கொட்டியது. ஆகவே கீழ் ஹோஸைக் கையால் மட்டும் சோதிக்காதீர்கள், இன்ஜின் சூடாக, வேகமாக ஓடும்போது கண்ணால் பாருங்கள். கையும் துணியும் பெல்ட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

13. கூலிங் சிஸ்டத்துக்கு வெளியே

இதுவரை வந்தும் காரணம் கிடைக்கவில்லை என்றால் இன்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. இக்னிஷன் டைமிங் தாமதமாக இருந்தால் எரியும் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் சுவர்களுக்குப் போகும். பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும், அந்தச் சக்கரம் மட்டும் தொட முடியாத அளவு சூடாக இருக்கும். புகைக்குழாய் அடைத்திருந்தால் வண்டி இழுக்கவே திணறும்.

14. திரும்ப நிரப்பும்போது காற்றை வெளியேற்றுங்கள்

சரியான பாகத்தை மாற்றிவிட்டு, காற்றை வெளியேற்றாமல் விட்டு, "மாற்றியும் சரியாகவில்லை" என்று அடுத்த பாகத்துக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உள்ளே மேடான இடத்தில் நிற்கும் காற்றுக்குமிழியைத் தாண்டிக் கூலன்ட் போகாது, அந்த இடத்தில் உலோகம் நேராக வேகும்.

முன்பக்கம் கொஞ்சம் மேடாக வருமாறு வண்டியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், பழைய வண்டிகளில் ஹீட்டர் வால்வு அப்போதுதான் திறக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து மெல்ல ஊற்றுங்கள். கலக்காத கூலன்டை அப்படியே ஊற்றினால் குளிர்ச்சி அதிகம் என்று நினைக்க வேண்டாம், தண்ணீர் அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது. பழையதும் புதியதும் வேறு வகை என்றால் கலக்காமல் முழுதும் மாற்றுங்கள்.

காற்று விடும் திருகு இருந்தால் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை விட்டு மூடுங்கள். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஐடிலிங்கில் ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் இரண்டு மூன்று தரம் அமுக்குங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், உடனே நிரப்பி மூடிவிடுங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால் கூலன்ட் சுற்றுகிறது.

மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள், அரை லிட்டர் வரை குறைந்திருந்தால் மீதிக் காற்றும் வெளியேறியிருக்கிறது, நிரப்புங்கள். அடுத்த வாரமும் குறைந்தால் 7-ஆம் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால் நோட்டை எடுத்து, முதலில் எந்த நிலையில் சூடேறியது என்று எழுதினீர்களோ அதே நிலையில், அதே ஏசியோடு, அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.